சித்தி என்று வந்தவள்

அழவில்லை, அதுதான் எனக்கு முதலில் உறுத்தியது, எட்டு மாதமாகத் தேடிய அக்கா மகள் அடுத்த அறையில் இருக்கிறாள் என்று தெரிந்தும் இந்தப் பெண் அழவில்லை, கைப்பையை மடியில் வைத்து இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, பேருந்துக்குக் காத்திருப்பவள்போல உட்கார்ந்திருக்கிறாள்... அழுதிருந்தால் மட்டும் நம்பியிருப்பேனா? இரண்டு வருஷத்துக்கு முன்னால் ஒரு அத்தைக்காரி இதே நாற்காலியில் உட்கார்ந்து அப்படி அழுதாள், நானும் கூடச் சேர்ந்து மூக்கை உறிஞ்சிக்கொண்டே பிள்ளையை ஒப்படைக்கும் தாளில் கையெழுத்துப் போட்டேன், நாலு மாதம் கழித்து அந்தப் பிள்ளையை ஒரு தையல் கொட்டகையில் கண்டுபிடித்தார்கள், ஒன்பது வயது, விரல் நுனியெல்லாம் ஊசி குத்திய தடம், என்னைப் பார்த்ததும் அது முகத்தைத் திருப்பிக்கொண்டது. அன்றிலிருந்து அழுகிறவர்களை நான் நம்புவதில்லை. அழாதவர்களையும் நம்புவதில்லை. வீட்டிலும் இதே கதைதான், பள்ளிக்கூடத்திலிருந்து பத்து நிமிஷம் தாமதமாக வந்த மகளிடம் யார்கூட வந்தாய், எந்தத் தெரு வழியாக வந்தாய் என்று கேட்டால், "உக்காந்து சொல்லட்டுமாம்மா, இல்ல நின்னுக்கிட்டே வாக்குமூலம் குடுக்கட்டுமா?" என்கிறாள், பதின்மூன்று வயது, வாய் அப்படியே என் வாய்.

கோப்பைத் திறக்கிறேன், திறக்கத் தேவையே இல்லை, மனப்பாடம். சிறுமி, வயது எட்டு. சண்டை நடந்த பக்கத்திலிருந்து, துணைக்கு ஆள் இல்லாத பிள்ளைகளை மட்டும் ஏற்றிக்கொண்டு வந்த பேருந்தில் வந்தவள். தந்தை காணவில்லை. தாய் காய்ச்சலில் இறந்துவிட்டார். எங்கள் குழந்தைகள் இல்லத்தில் மற்ற பிள்ளைகள் அவளுக்கு வைத்த பெயர் பூட்டு, வாயைத் திறக்க மாட்டாள் என்பதால். ஒவ்வொரு செவ்வாயும் நான் போய் அவள் எதிரே உட்காருவேன், கலர் பென்சில் கொண்டுபோவேன், கேட்டால் பதில் வரும், கேட்காததற்கு ஒரு சொல் வராது, துக்கம் தொண்டையை அடைத்திருக்கிறது என்று நினைத்துக்கொள்வேன்... இந்த மாதம்தான் அவள் போட்டோவைத் தேடுவோர் பலகையில் ஒட்டினோம், ஒட்டிய ஒன்பதாம் நாள் இந்தப் பெண் வந்து நிற்கிறாள். ஒன்பதே நாள். அவ்வளவு சீக்கிரமா? கையில் இருப்பது ஒரு அடையாள அட்டையின் நகல், தண்ணீர் பட்டுப் பெயரும் ஊரும் தேதியும் கரைந்துபோயிருக்கின்றன, கரைய வேண்டியவை மட்டும் பார்த்துக் கரைந்ததுபோல.

"பிள்ளைக்கு உடம்புல ஏதாவது அடையாளம் இருக்கா?" என்று கேட்டேன், சாதாரணமாக, பேனா மூடியைத் திருகிக்கொண்டே. "இடது முழங்காலுக்குப் பின்னாடி ஒரு தழும்பு மேடம், நாலு தையல், ரெண்டரை வயசுல இரும்புக் கதவு கிழிச்சிடுச்சு. தையல் போடறப்ப அவ அழவே இல்ல, பிரிக்கிறப்பதான் அழுதா." சரிதான், மருத்துவக் குறிப்பில் தழும்பு இருக்கிறது, ஆனால் எந்தச் சித்திக்குத் தையல் எண்ணிக்கை தெரியும்? என் தங்கைக்கு என் மகள் எத்தனையாம் வகுப்பு என்பதே தெரியாது, பிறந்தநாளுக்கு இரண்டு அளவு சின்னதாகத்தான் சட்டை வாங்கி வருவாள்... இவளுக்கு யாரோ சொல்லிக் கொடுத்திருக்கிறார்கள். இல்லத்தில் வேலை பார்க்கிறவர்கள் யாராவது? பிள்ளையைக் குளிப்பாட்டுகிறவர்களுக்குத் தழும்பு தெரியும். காப்பாளர் அம்மாவா? சேச்சே, ஆனால் போன மாதம்தானே காப்பாளர் அம்மா புதிய போன் வைத்திருந்தார், மகன் அனுப்பினான் என்றார், நான்கூட நல்லா இருக்கே என்று வாங்கிப் பார்த்தேன்.

கதவு திறந்து சீக்கிரம் சார் தலையை மட்டும் உள்ளே நீட்டினார், எங்கள் மேலதிகாரி, அந்தச் சொல்லைச் சொல்லாமல் அவருக்கு ஒரு வாக்கியமும் முடியாது. "சொந்தக்காரங்கதானே, சீக்கிரம் முடிச்சு அனுப்புங்க, இல்லத்துல எடமே இல்ல, நாளைக்கு இன்னும் பதினோரு பிள்ளைங்க வருது." தலை போய்விட்டது. இவருக்கு என்ன இவ்வளவு அவசரம்... இவருக்கு எதற்குத்தான் அவசரம் இல்லை. அந்த அத்தைக்காரி வந்த அன்றும் இதே தலை இதே கதவில் தெரிந்தது, ஆனால் கையெழுத்து என்னுடையது, அந்தத் தலையையா விசாரித்தார்கள்?

"உங்க அக்கா எப்படித் தவறினாங்க?"

முதல் தடவையாக அவள் கதவைப் பார்த்தாள். கைப்பையின் காதை விரலில் சுற்றினாள், அவிழ்த்தாள். "சுவர் இடிஞ்சு விழுந்து" என்றாள், பிறகு, நான் ஒன்றும் கேட்காமலே, "ராத்திரியில, தூக்கத்துலயே" என்று சேர்த்தாள். வெட்கக்கேடு, எனக்குள் ஒரு சந்தோஷம் குதித்தது, அகப்பட்டாயா என்று. கோப்பில் காய்ச்சல், இவள் வாயில் சுவர், ஒரே அம்மா இரண்டு விதமாக எப்படிச் சாவாள்? இப்போதே காவலரைக் கூப்பிடலாம், ஆனால் விதி ஒன்று இருக்கிறது, பிள்ளை ஆளைப் பார்த்து அடையாளம் சொல்ல வேண்டும், அதைச் செய்யாமல் மறுத்தால் நாளைக்கு என்னைக் கேட்பார்கள். காப்பாளர் அம்மாவுக்குச் சொல்லி அனுப்பினேன்.

பூட்டு வந்தாள். வாசலிலேயே நின்றாள். நான் வாயைத் திறப்பதற்குள் அந்தப் பெண் எழுந்து, "சித்தி வந்திருக்கேன்டா, சித்தி" என்றாள், இரண்டு தடவை, இரண்டாவது தடவை கொஞ்சம் அழுத்தி... பாடம் ஒப்பிக்க எடுத்துக் கொடுக்கிற மாதிரி, அதையும் குறித்துக்கொண்டேன். பிள்ளை அவள் முகத்தைப் பார்க்கவில்லை, காலைப் பார்த்தாள், செருப்பு அறுந்து சணல் கட்டியிருந்த கால், அதிலிருந்து மேலே வரவே இல்லை அவள் கண். "இது யாருன்னு தெரியுதா கண்ணு?" என்றேன். செருப்பைப் பார்த்தே சொன்னாள், "சித்தி." ஓடவில்லை, கட்டிக்கொள்ளவில்லை, ஒரே வரிசையில் நிற்கிற முன்பின் தெரியாத இரண்டு பேர்போல நின்றார்கள், நடுவில் ஒரு நாற்காலி. மிரட்டியிருக்கிறார்கள், வேறென்ன, இல்லாவிட்டால் சொந்தச் சித்தியைப் பார்த்து எந்தப் பிள்ளை இப்படி உறைந்து நிற்கும்? எங்கே மிரட்டினார்கள், எப்போது, பள்ளிக்கூட வாசலிலா... நான் கோப்பை மூடினேன். மெதுவாகத்தான் சொன்னேன், "நீங்க வெளியில உக்காருங்கம்மா. உங்க மேல எனக்குச் சந்தேகமா இருக்கு. போலீசுக்கு எழுதப் போறேன்."

"போலீஸ் வேணாம் அக்கா."

எட்டு மாதத்தில் நான் கேட்காமல் பூட்டு பேசிய முதல் பேச்சு. சின்னக் குரல், ஆனால் நடுக்கம் இல்லை. "அவங்க மேல தப்பு இல்ல. பொய் சொன்னது நான்தான்."

"என்ன பொய் சொன்னே?"

"அம்மா சாகல."

"செத்துட்டாங்கன்னு உனக்கு யாரு சொன்னா?"

"அம்மாதான் சொன்னாங்க" என்றாள் பூட்டு.

எனக்குச் சிரிப்பு வந்தது, இல்லை, சிரிப்பு மாதிரி ஒன்று, மேசை விளிம்பைப் பிடித்துக்கொண்டேன். அந்தப் பெண் நாற்காலியைச் சுற்றி வரக்கூடப் பொறுமையில்லாமல் அதைத் தள்ளிவிட்டு வந்து முட்டி போட்டுப் பிள்ளையின் தலையை முகர்ந்தாள், முகர்ந்துகொண்டே இருந்தாள், எங்கள் இல்லத்தில் என்ன எண்ணெய் தேய்க்கிறார்கள் என்று பார்ப்பதுபோல. பிறகுதான் பேச்சு வந்தது, உடைந்து உடைந்து. "அந்த பஸ்ல அம்மா அப்பா இருக்கற பிள்ளைங்கள ஏத்தல மேடம். அதான் கடைசிப் பஸ்ஸுன்னாங்க. உங்கம்மா செத்துட்டான்னு சொல்லு, யார் கேட்டாலும் அதையே சொல்லு, மாத்தாதேன்னு சொல்லித் தள்ளிவிட்டேன். எப்படிச் செத்தேன்னு சொல்லிக் குடுக்க நேரம் இல்ல... இங்க வந்து பலகையில பாக்கறேன், இவ போட்டோவுக்குக் கீழ தாய் இறந்துவிட்டார்னு போட்டிருக்கு. என் சாவை நானே நின்னு படிச்சேன். உயிரோட இருக்கேன்னு சொன்னா, பொய் சொன்ன பிள்ளைன்னு இவளத் திருப்பி அனுப்பிடுவீங்களோன்னு பயம். தங்கச்சின்னு சொன்னா யாருக்கும் கெடுதல் இல்லேன்னு நெனச்சேன்."

நம்பினேன். நம்பின அந்த நொடியே இன்னொரு குரல், இதுவும் சொல்லிக் கொடுத்ததாக இருந்தால், சித்தி எடுபடவில்லை என்றதும் அம்மா என்று ஆரம்பித்திருந்தால்... ஆனால் நாலு தையல், தையல் பிரிக்கும்போது வந்த அழுகை, அதெல்லாம் யார் யாருக்குச் சொல்லிக் கொடுக்க முடியும்? எனக்குத் தெரிந்த ஒரே வழியைச் சொன்னேன், டி.என்.ஏ. ரத்தப் பரிசோதனை, முடிவு வரப் பதினைந்து நாள், அதுவரை பிள்ளை இல்லத்தில்தான் இருப்பாள், நீங்கள் தினமும் வந்து பார்க்கலாம், பக்கத்தில் ஆள் இருப்பார்கள். பொய் சொன்னதற்காக எந்தப் பிள்ளையையும் திருப்பி அனுப்ப மாட்டோம் என்றும் சொன்னேன். மாட்டோமா? சீக்கிரம் சாரிடம் கேட்டேனா, எந்தத் தாளில் அப்படி எழுதியிருக்கிறது, யாரை நம்பி இந்த வாக்கைக் கொடுக்கிறேன்... "பதினஞ்சு நாள்தானே மேடம்" என்றாள் அந்தப் பெண், எனக்கே ஆறுதல் சொல்வதுபோல.

படிவம் எடுக்க அலமாரிக்குப் போக வேண்டியிருந்தது, அலமாரி அவர்கள் இருந்த பக்கம். எழுந்தேன். நான் எழுந்ததும் பூட்டு அம்மாவின் கையிலிருந்து நழுவி வந்து அவளுக்கு முன்னால் நின்றாள், முதுகு அம்மா பக்கம், முகம் என் பக்கம். கையை விரிக்கவில்லை, கத்தவில்லை, சும்மா நின்றாள், அவ்வளவுதான், செவ்வாய்க்கிழமைகளில் கலர் பென்சிலை வாங்கிக்கொள்ளும்போது வைத்திருப்பாளே அதே முகம், நான் துக்கம் என்று நினைத்திருந்த முகம். இரண்டு அடி வலது பக்கம் நகர்ந்தேன், அவளும் நகர்ந்தாள், அம்மாவை மறைத்தபடியே. எத்தனை பேரைச் சந்தேகப்பட்டேன் இந்த ஒரு காலையில், காப்பாளர் அம்மாவை, சாரை, கரைந்துபோன மையைக்கூட, இந்தப் பிள்ளையை ஒரு தடவைகூட இல்லை... இவள் யாரைப் பார்த்து இப்படிக் காவல் நிற்கிறாள், கதவருகே யாராவது வந்துவிட்டார்களா என்று திரும்பிப் பார்த்தேன். கதவு சாத்தியிருந்தது. எனக்குப் பின்னால் யாரும் இல்லை.