ஜெனிபரின் லைட் போர்டு

சேத்துராணியிடம் கூட்டம் மொத்தமும் மறுபடி செத்து விழுந்த அந்த ஞாயிற்றுக்கிழமை, பழி முழுக்க ஜெனிபர் தலையில்தான் வந்து இறங்கியது.

சேத்துராணி என்பது கம்ப்யூட்டர் விளையாட்டில் வரும் ஒரு ராட்சசி. விளையாட்டின் பெயர் கிரிம்ஹால். பத்துப் பேர் அவரவர் வீட்டிலிருந்தே ஒன்றாகச் சேர்ந்து, காதில் ஹெட்போன் மாட்டி ஒருவரோடு ஒருவர் பேசிக்கொண்டே அவளோடு சண்டை போடவேண்டும். சிலர் அடிப்பார்கள். ஒருத்தர் முன்னால் நின்று அவள் அடியை வாங்குவார். இவர்கள் யாரும் சாகாமல் பார்த்துக்கொள்ள ஒரு வைத்தியச்சி வேண்டும். விளையாடுகிறவர்கள் ஹீலர் என்பார்கள். ஜெனிபர்தான் ஹீலர். முன்னால் நின்று அடி வாங்குகிறவன் அவளுடைய அண்ணன் அன்பு. கும்மிடிப்பூண்டியில் அவர்கள் வீட்டு முன்னறையில், அவள் கம்ப்யூட்டர் ஒரு சுவரோரம், அவன் லேப்டாப் எதிர்ச்சுவரோரம்.

"ஜெனிபர், தப்பா எடுத்துக்காத," என்றான் பரசுராமன். கூட்டத்துக்குத் தலைவன் அவன்தான். கடம்பத்தூர்க்காரன், யார் மனதையும் நோகடிக்கத் தெரியாதவன். அதனாலேயே சுற்றி வளைத்துப் பேசினான். "ஆர்.கே.பேட்டைல ஒருத்தன் கீறான், துளசிராமன்னு. நல்ல ஹீலராம். அடுத்த வாரம் அவன் ஆடட்டும். நீ ஒரு வாரம் அம்பு உட்டுக்கினு இரு."

"சரிண்ணா," என்று சொல்லிவிட்டு ஹெட்போனைக் கழற்றி வைத்தாள்.

அன்பு நாற்காலியைத் திருப்பினான். "இன்னா ஜெனி, மூஞ்சி இப்டி ஆயிடுச்சி?"

"என்னா பண்ணச் சொல்றண்ணா? பத்துப் பேரு உயிரும் அந்த மேல் மூலைல கோடு கோடா போவுது. அங்க பாத்தா காலுக்கடில விஷச் சேறு வர்றது தெரியல. காலப் பாத்தா எவனாவது செத்துடறான். எனக்கு கண்ணு ரெண்டுதான கீது."

"உன் கண்ணுல ஒரு தப்பும் இல்ல. அந்த ஸ்க்ரீன்லதான் தப்பு. எல்லாரும் ஆட்-ஆன் போட்டுக்கினு ஆடுறாங்க. நீ மட்டும் கேம் கம்பெனிக்காரன் குடுத்தத குடுத்தபடியே வெச்சிக்கினு ஆடுற."

ஆட்-ஆன் என்றால் விளையாட்டின் மேல் நாமாக ஒட்டிக்கொள்ளும் சின்னச் சின்ன நிரல். திரையில் எது எங்கே இருக்கவேண்டும், எது பெரிதாகத் தெரியவேண்டும் என்பதை அதை வைத்து மாற்றிக்கொள்ளலாம். உலகத்தில் யார் யாரோ எழுதி இலவசமாகப் போட்டு வைத்திருந்தார்கள். அன்று சாயங்காலமே ஜெனிபர் கைக்குக் கிடைத்ததையெல்லாம் இறக்கி மாட்டினாள். ஹீலருக்கென்றே இருந்தவை ஏராளம். வட்டம், பட்டை, எண், மணியோசை, மின்னல். எல்லாவற்றையும் போட்டு முடித்தபோது திரை கல்யாண மண்டப வாசலைப் போல மினுக்கியது. எட்டிப் பார்த்த அன்பு, "இதுல சேத்துராணி எங்க கீறா?" என்று கேட்டான். அவளுக்கும் தெரியவில்லை. அதை வைத்து ஆடிப் பார்த்தாள். கூட ஆடியவர்கள் முன்பைவிடச் சீக்கிரமாகச் செத்தார்கள்.

வெறுத்துப்போய் எல்லாவற்றையும் கழற்றிப் போட்டாள்.

செவ்வாய்க்கிழமை கம்பெனியில்தான் அது நடந்தது. கார் கதவுக்கு ரப்பர் பட்டை செய்கிற கம்பெனி, சிப்காட்டுக்குள். ஜெனிபருக்கு அங்கே நீளம் சரிபார்த்து அடுக்குகிற வேலை. அவர்கள் லைனுக்கு மேலே ஒரு பெரிய போர்டு தொங்கும். ஒவ்வொரு மெஷினுக்கும் அதில் ஒரு விளக்கு. மெஷின் ஒழுங்காக ஓடினால் விளக்கு எரியாது. வேகம் குறைந்து இழுத்தால் மஞ்சள். நின்றால் சிவப்பு. சூப்பர்வைசர் சுமலதா அந்தப் பக்கமாக வந்தாள். ஒரே ஒரு முறை நிமிர்ந்து போர்டைப் பார்த்தாள், நேராக மஞ்சள் எரிந்த மெஷினுக்குப் போனாள். மற்ற மெஷின் எதையும் அவள் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

ஜெனிபர் வேலைக்குச் சேர்ந்த நாளிலிருந்து பார்க்கிற காட்சிதான். ஆனால் அன்றைக்குக் கையில் பிடித்த பட்டையோடு அப்படியே நின்றுவிட்டாள். ஒழுங்காக ஓடுகிற மெஷினை எதற்குப் பார்க்கவேண்டும்? நன்றாக இருக்கிறவனுடைய உயிரை எதற்குத் திரையில் காட்டவேண்டும்?

பட்டையை எந்த அடுக்கில் வைத்தோம் என்பது மறந்து, திரும்ப எண்ணவேண்டியதாயிற்று. ஷிப்ட் முடிகிறவரை இருப்புக்கொள்ளவில்லை. கம்பெனி பஸ்ஸில் பக்கத்துச் சீட்டு பூமிகா ஏதோ சீரியல் கதை சொல்லிக்கொண்டு வந்தாள். ஜெனிபர் ம் கொட்டிக்கொண்டே மனசுக்குள் விளையாட்டுத் திரையில் பெட்டி பெட்டியாக அடுக்கிக்கொண்டு வந்தாள்.

வீட்டுக்கு வந்ததும் கைகால்கூடக் கழுவாமல் உட்கார்ந்தாள். இருப்பதிலேயே சின்னதாக ஒரு ஆட்-ஆனை எடுத்துத் திறந்தாள். உள்ளே மர்மம் ஒன்றுமில்லை, வெறும் எழுத்துதான். பாலிடெக்னிக்கில் படித்த நிரல் பாடம் முக்கால்வாசி மறந்திருந்தது. மீதிக் கால்வாசியை வைத்துத் துழாவினாள். ஒரு எண்ணை மாற்றிப் பார்த்தாள். ஒன்றும் ஆகவில்லை. இன்னொன்றை மாற்றினாள். மூலையில் கிடந்த ஒரு பெட்டி சட்டென்று குதித்துத் திரையின் நடுவே, அவளுடைய வைத்தியச்சியின் காலடியில் வந்து நின்றது.

"அண்ணா, இங்க வா. வாண்ணா சீக்கிரம்."

படுக்கப்போகுமுன் பல் விளக்கிக்கொண்டிருந்த அன்பு பிரஷ்ஷோடு ஓடிவந்தான். "இன்னா?"

"இந்தப் பொட்டி நகர்ந்துது."

"அவ்ளோதானா?"

"நான் நகத்துனேண்ணா."

அந்த வாரம் முழுக்க அவளுக்கு இதே வேலைதான். கம்பெனியில் யோசிப்பாள், வீட்டில் எழுதுவாள். கூட்டத்தில் ஆளுக்கொரு பெட்டி. நன்றாக இருக்கிறவன் பெட்டி கண்ணுக்கே தெரியாது. அடிபட்டால் மஞ்சளாக எட்டிப் பார்க்கும். சாகப்போனால் சிவந்து பெரிதாகும். விஷம் ஏறினால் டிங் என்று ஒரு சத்தம். பெட்டியின் மேல் மவுஸை வைத்து ஒரு பொத்தானை அழுத்தினால் போதும், மருந்து அந்த ஆளுக்குப் போய்ச் சேரும். எல்லாமே காலடியில் இருந்ததால் சேறு வருவதும் கூடவே தெரிந்தது. அன்புவையும் முகம் தெரியாத சிலரையும் சேர்த்துக்கொண்டு சின்னச் சின்னச் சண்டைகளில் சோதித்துப் பார்த்தாள். ஒருத்தரும் சாகவில்லை. ஆட்-ஆனுக்கு லைட் போர்டு என்றே பெயர் வைத்தாள்.

சனிக்கிழமை பரசுராமனுக்குப் போன் போட்டாள். "பரசு அண்ணா, நாளைக்கு நானும் ஹீலரா வரட்டா?"

"துளசிய வரச் சொல்லிட்டனே மா."

"அவரும் வரட்டும். ரெண்டு பேரும் சேந்து ஆடுறோம். அம்பு உடுற ஆள்ல ஒண்ணு கொறையும், அவ்ளோதான். ஒரே ஒரு வாட்டிண்ணா."

பரசுராமனுக்கு மாட்டேன் என்று சொல்ல எப்போதுமே வராது. ஒத்துக்கொண்டான்.

ஞாயிற்றுக்கிழமை சர்ச்சுக்குப் போய்வந்து, அம்மா ஞானம்மா செய்த பிரியாணியைச் சாப்பிட்டுவிட்டு அண்ணனும் தங்கையும் எதிரெதிர்ச் சுவரில் உட்கார்ந்தார்கள். ஜெனிபர் விளையாட்டைத் திறந்தாள். அன்று காலை விளையாட்டுக் கம்பெனி ஏதோ அப்டேட் போட்டிருந்தது. திரை முழுக்கச் சிவப்பு எழுத்தில் பிழைச் செய்தி. லைட் போர்டு திறக்கும்போது சோதனைக்காக ஒருமுறை டிங் என்று எல்லாப் பெட்டியும் எட்டிப் பார்க்கும், இப்போது ஒன்றுகூட வரவில்லை.

ஹெட்போனில் எல்லோரும் புலம்பிக்கொண்டிருந்தார்கள். நடுவில் புதுக்குரல் ஒன்று, நிதானமாக வந்தது. "நான் துளசிராமன் பேசறேன். எனக்கும் ஒண்ணும் வேலை செய்யலைங்க. நான் போட்டுக்கினு இருக்கறது பெரிய ஆட்-ஆன். அத எழுதினவரு எந்த நாட்ல கீறாரோ. அவரு சரி பண்ணிப் போடற வரைக்கும் என்னால ஆட முடியாது."

"பேஜாரா பூடுச்சே," என்றான் பரசுராமன். "அப்போ அடுத்த வாரம் வெச்சிக்கலாமா?"

"கொஞ்சம் இருங்கண்ணா," என்றாள் ஜெனிபர். "என்னுது நானே எழுதினது. என்னா ஆச்சின்னு பாக்கறேன்."

அவள் நிரலைத் திறந்தாள். எந்த வரியில் கோளாறு என்று பிழைச் செய்தியே சொன்னது. ஒருவனுடைய உயிர் எவ்வளவு மிச்சம் என்று விளையாட்டிடம் கேட்கிற வரி அது. அந்தக் கேள்வியின் பெயரை விளையாட்டுக் கம்பெனி மாற்றியிருந்தது. புதுப்பெயரைத் தேடிப்பிடித்துப் போட்டாள். பெட்டி வந்தது, டிங் வரவில்லை. விஷத்துக்கான வரியிலும் அதே கதை. ஞானம்மா உள்ளே வந்து, "சாப்ட்ட தட்ட யாரு எடுக்கறது?" என்றாள். அன்பு உதட்டில் விரலை வைத்துக் காட்டி, தானே எழுந்து இரண்டு தட்டையும் எடுத்துக்கொண்டு போனான். ஜெனிபர் எதையும் கவனிக்கவில்லை. கடைசி வரியை மாற்றிச் சேமித்துவிட்டு விளையாட்டுக்குத் திரும்பினாள். டிங். பெட்டிகள் ஒரு கணம் எட்டிப் பார்த்துவிட்டு ஒவ்வொன்றாக மறைந்தன.

அவளுக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. "ஆயிடுச்சிண்ணா. துளசி அண்ணா, உங்களுக்கும் அனுப்பட்டா?"

"அனுப்பும்மா."

கொஞ்ச நேரம் கழித்துத் துளசிராமன் தயங்கித் தயங்கிச் சொன்னான். "போட்டுட்டேன். ஆனா ஒரு வாட்டி மினுக்கிட்டு, அப்பறம் ஒண்ணுமே வரல மா. காலியா கீது."

"எல்லாரும் நல்லா கீறாங்கண்ணா. அதான் காலி."

துளசிராமன் மெல்லச் சிரித்தான். "அட நைனா. இத்தினி நாளா நான் இன்னாத்தப் பாத்துக்கினு இருந்தேன்?"

சேத்துராணி சதுப்பிலிருந்து எழுந்தாள். அன்பு கேடயத்தை உயர்த்திக்கொண்டு அவள் முகத்துக்கு நேராக ஓடினான். முதல் அடியில் அவன் பெட்டி மஞ்சளாக எட்டிப் பார்த்தது. ஜெனிபர் மருந்து அனுப்பினாள், பெட்டி மறைந்தது. டிங். பரசுராமனுக்கு விஷம். எடுத்துவிட்டாள். சேறு காலை நோக்கி ஊர்ந்து வந்தது. போன வாரம் அவள் கண்ணுக்கே படாத சேறு. இரண்டடி தள்ளி நின்றுகொண்டாள். கை தன்பாட்டுக்கு ஓடியது. சண்டை முழுவதையும் அவள் முதன்முதலாக அன்றைக்குத்தான் பார்த்தாள். சேத்துராணி தலையில் தாமரைக் கொடி சுற்றியிருப்பதும், அவள் வாயைத் திறப்பதற்கு முன்னால் தவளைகள் ஒதுங்குவதும் அதுவரை ஜெனிபருக்குத் தெரியவே தெரியாது.

"தவள ஒதுங்குது, கத்தப் போறா, பின்னால போங்க," என்று அவளே சத்தம் கொடுத்தாள். எல்லோரும் போனார்கள். ராட்சசியின் கத்தல் வெறும் காற்றில் போயிற்று.

கடைசிக் கட்டத்தில்தான் எப்போதும் சாவார்கள். சேத்துராணி சதுப்புக்குள் முங்குவாள், மொத்தத் தரையும் விஷமாகும். முங்கினாள். லைட் போர்டில் எல்லாப் பெட்டியும் ஒரே நேரத்தில் சிவந்து வீங்கியது. டிங் டிங்கென்று காதைத் துளைத்தது.

"இடது பக்கம் நான், வலது பக்கம் நீ," என்றான் துளசிராமன்.

ஜெனிபர் வலதோரத்திலிருந்து ஒவ்வொருவராகத் தூக்கினாள். அன்பு சிவப்பு. மஞ்சளுக்குக் கொண்டுவந்தாள். பரசுராமன் சிவப்பு. திரும்ப அன்பு. விரல் வலித்தது. அப்போது துளசிராமன் முதல்முறையாகக் குரலை உயர்த்தினான். "ஜெனிபர், உன் உயிரு போவுது, பாக்கலயா?"

அவள் திரையைத் துழாவினாள். அவளுடைய பெட்டி எங்குமே இல்லை. மற்றவர்களுக்கெல்லாம் பெட்டி வைத்தவள் தனக்கு வைக்க மறந்துபோயிருந்தாள்.

"என் பொட்டிய நான் போடவே இல்லண்ணா."

"அப்போ என் ஸ்க்ரீன்ல நானும் இருக்க மாட்டேன். சரி, உன்ன நான் பாத்துக்கறேன். நீ என்னப் பாத்துக்கோ."

சொன்ன கையோடு மருந்தும் வந்தது. துளி உயிரில் நின்றவள் நிமிர்ந்தாள். உடனே துளசிராமனின் பெட்டியைத் தேடினாள். அதுவும் சிவந்துதான் இருந்தது, அவனுக்குத்தான் தெரியவில்லை. அதற்கப்புறம் ஒரு மருந்து கூட்டத்துக்கு, ஒரு மருந்து துளசிராமனுக்கு என்று மாற்றி மாற்றி அனுப்பினாள். அவனும் அப்படியே செய்தான். சேத்துராணி சதுப்பைக் கிழித்துக்கொண்டு மேலே வந்தபோது பத்துப் பேரும் நின்றுகொண்டிருந்தார்கள். இதுவரை ஒருமுறைகூட அப்படி நடந்ததில்லை.

"அடிங்கடா," என்றான் பரசுராமன்.

சேத்துராணி சரிந்து விழுந்ததும் ஹெட்போனில் கிளம்பிய கூச்சலில் யார் யார் என்ன சொன்னார்கள் என்றே தெரியவில்லை. அன்பு நாற்காலியைத் தள்ளிவிட்டு எழுந்து தங்கையின் தோளைப் பிடித்து உலுக்கினான். அவள் அழுதுகொண்டே சிரித்தாள். சத்தம் கேட்டு, தண்ணீர் சொட்டுகிற கையோடு ஓடிவந்த ஞானம்மா இருவரையும் மாறி மாறிப் பார்த்தாள். "யாருக்கு இன்னா ஆச்சி?"

"யாருக்கும் ஒண்ணும் ஆகலம்மா," என்றான் அன்பு. "அதுதான் விசேஷம்."

கூச்சல் அடங்கியதும் பரசுராமன், "ஜெனிபர், நான் அவசரப்பட்டுட்டேன் மா," என்றான். பரவாயில்லண்ணா என்று அவள் சொல்லி முடிப்பதற்குள் துளசிராமன் குறுக்கே வந்தான். "அத வுடுங்க. மா, இத எல்லாருக்கும் போடு. என்னாட்டம் எத்தினி பேரு முழிச்சிக்கினு கீறாங்களோ."

அன்றைக்கே அவள் தனக்கொரு பெட்டியைச் சேர்த்து, லைட் போர்டை இணையத்தில் எல்லோருக்குமாக ஏற்றிவைத்தாள்.

மறுநாள் காலைக் கம்பெனி பஸ்ஸில் போனைத் திறந்தவள் நிமிர்ந்து உட்கார்ந்தாள். எந்தெந்த நாட்டிலிருந்தோ ஆட்கள் இறக்கியிருந்தார்கள். நன்றி, நன்றி என்று பல மொழியில். ஒருத்தர் மட்டும் நீளமாக எழுதியிருந்தார். தனக்குப் பிறவியிலேயே சிவப்பும் மஞ்சளும் ஒன்றுபோலத்தான் தெரியும் என்றும், ஹீலராக ஆட ரொம்ப ஆசை என்றும், தன்னைப் போன்றவர்களுக்காக எதையாவது மாற்றித்தர முடியுமா என்றும் கேட்டிருந்தார்.

ஜெனிபர் அதை இரண்டு முறை படித்தாள். பக்கத்தில் பூமிகா கண்ணை மூடிச் சாய்ந்திருந்தாள்.

"பூமிகா, ஒண்ணு கேக்கறேன். செவப்பும் மஞ்சளும் பிரிச்சுத் தெரியாத ஒருத்தருக்கு ஆபத்துன்னு எப்டிக் காட்டுவ?"

பூமிகா கண்ணைத் திறக்கவில்லை. "ஆளப் புட்சி ஆட்டிக் காட்ட வேண்டியதுதான்."

ஜெனிபர் அவளையே பார்த்தாள். நடுங்குகிற பெட்டி. சாகப்போகிறவன் பெட்டி நடுங்கவேண்டும். அடிபட்டவன் பெட்டி அசையாமல் நிற்கவேண்டும். நிறமே தேவையில்லை.

பஸ் சிப்காட்டுக்குள் திரும்பியது. எல்லோரும் பையை எடுத்துக்கொண்டு எழுந்தார்கள். ஜெனிபர் மட்டும் எழுந்திருக்கவில்லை. சாயங்காலம் தருகிறேன் என்று அந்த மனிதருக்குப் பதில் தட்டிக்கொண்டிருந்தாள்.