பட்டனை அழுத்தாத விரல்

அந்த மரப்பட்டறையில் ஒரு வழக்கம் உண்டு. சமன்பாடு எழுதுகிறவர் பட்டனை அழுத்தக் கூடாது. அறுக்க வேண்டிய கோட்டைச் சமன்பாடாக ஒருவர் மெஷினில் ஏற்றுவார். இன்னொருவர் வந்து பார்த்துவிட்டுப் பச்சைப் பட்டனை அழுத்துவார். மெஷின் பழையது, படமெல்லாம் காட்டாது. எண்களைக் கேட்கும், கொடுத்தபடி அறுக்கும், அவ்வளவுதான்.

அவளுக்கு அந்த வழக்கம் ஆரம்பத்திலிருந்தே உறுத்தியது. வேலைக்குச் சேர்ந்து ஒரு மாதம்கூட ஆகவில்லை. அழுத்த வந்து நிற்பவள் வேறு யாருமல்ல, அவளுடைய நாத்தனார். பட்டறையில் எல்லோரும் நாத்தனாரைப் 'பூட்டு' என்றுதான் கூப்பிட்டார்கள். வாயைத் திறக்க மாட்டாள். வீட்டிலும் அப்படித்தான். ஒரே பஸ்ஸில் பக்கத்துப் பக்கத்து இருக்கையில் வருவார்கள். இறங்கும்வரை ஒரு வார்த்தை இருக்காது. அந்த மௌனத்தை அவள் தன் இஷ்டத்துக்கு நிரப்பிக்கொண்டாள். 'சமையலறையில கிடந்தவ மெஷின் பக்கம் வந்துட்டாளாம்' என்று நினைக்கிறாளோ? இந்த வேலைக்கு இவளைப் பற்றி முதலாளியிடம் சொல்லிவிட்டதே நாத்தனார்தான். அதைக் கணவன் ஒருநாள் போகிற போக்கில் சொல்லியிருந்தான். அவளோ அதையும் சந்தேகத்தோடே பார்த்தாள்.

அன்று மாடிப்படிக்கு ஒரு கைப்பிடி. அதைச் செய்யச் சொன்ன வீட்டின் சொந்தக்காரர் பலகையை அவரே கொண்டுவந்திருந்தார். வாசலில் நின்ற மரம் விழுந்தபோது அறுத்து வைத்ததாம். மிஞ்சியது அந்த ஒன்றுதான். "பாத்து பண்ணுங்கம்மா, இது போனா வேற கெடையாது" என்று சொல்லிவிட்டு வெளியே போய் உட்கார்ந்தார். முதலாளியும் காலையிலேயே காதில் போட்டிருந்தார்: "இதை முடிச்சிட்டு என்னை வந்து பாரும்மா. உன்னை வச்சுக்கலாமா வேண்டாமான்னு இன்னைக்குச் சொல்லிடறேன்."

வீட்டில் எப்படி நிற்குமோ அதே சாய்வில் பலகையை மேசையில் பொருத்தி இறுக்குவது அவர்கள் முறை. படிகள் கிடையாக நான்கு அங்குலம் போனால் மூன்று அங்குலம் ஏறுகின்றன, சாய்வு 3/4. கைப்பிடி படிக்கு இணையாக ஓட வேண்டும், ஆகவே அதே சாய்வு, உயரம் மட்டும் வேறு. y = (3/4)x + 20 என்று ஏற்றினாள். நாத்தனார் வந்தாள், பார்த்தாள், அழுத்தினாள். மரத்தூள் பறந்தது. நீளவாக்குக் கோடு அழகாக வந்தது. அவளுக்கு உள்ளூர ஒரு குதூகலம்.

அடுத்தது மேல் முனை. x 120, y 110 என்ற புள்ளியில், கைப்பிடிக்குச் செங்குத்தாக ஒரு வெட்டு. செங்குத்து என்றால் சாய்வைத் தலைகீழாகப் போட வேண்டும். பள்ளிக்கூடத்தில் படித்தது பளிச்சென்று நினைவுக்கு வந்தது. 3/4 தலைகீழானால் 4/3. புள்ளியைப் பொருத்திப் பார்த்தாள். 110 வர வேண்டும், 160 வருகிறது, ஐம்பதைக் கழி. y = (4/3)x – 50. ஏற்றிவிட்டு நிமிர்ந்தாள்.

நாத்தனார் எண்களைப் பார்த்தாள். விரல் பச்சைப் பட்டன்மேல் போனது. அங்கேயே நின்றது.

அவள் காத்திருந்தாள். விரல் அசையவில்லை. மூலையில் தேய்ப்பு மெஷின் ஒன்று ஓடி நின்றது.

'வேணும்னே பண்றா' என்று அவளுக்குத் தோன்றியது.

"ம், அழுத்து" என்றாள்.

நாத்தனார் திரும்பவில்லை. தாழ்ந்த குரலில், "ரெண்டு சாய்வையும் பெருக்கிப் பாருங்க அண்ணி" என்றாள்.

மூன்றின் கீழ் நான்கு, நான்கின் கீழ் மூன்று. ஒன்று. செங்குத்துக்கு வர வேண்டியது கழித்தல் ஒன்று. தலைகீழாக்கியவள் குறியை மாற்ற மறந்திருந்தாள். அந்தப் பட்டன் அமுங்கியிருந்தால் ரம்பம் முனையைக் குறுக்கே நறுக்கியிருக்காது. நீளவாக்கில் சரிந்து இறங்கி, கைப்பிடியைக் கத்தி மாதிரி சீவிப்போட்டிருக்கும்.

அந்த நேரம் பார்த்து முதலாளி உள்ளே வந்தார். "என்ன, சத்தத்தையே காணோம்? பூட்டு மெஷினுக்கும் பூட்டுப் போட்டுடுச்சா?"

நாத்தனார் உடம்பாலேயே எண்களை மறைத்தபடி திரும்பினாள். "எனக்கு ஒரு சந்தேகம் சார். அண்ணிகிட்ட கேட்டுட்டு இருக்கேன்."

"உனக்குச் சந்தேகமா? அதுவும் வாயைத் தொறந்து கேட்டியா? நடக்கட்டும், நடக்கட்டும்." சிரித்துக்கொண்டே போய்விட்டார்.

அவள் அழித்தாள். சாய்வு –4/3. புள்ளியை மறுபடி பொருத்தினாள். y = –(4/3)x + 270. இந்த முறை அவளே பெருக்கிப் பார்த்தாள். நாத்தனாரின் விரல் இறங்கியது. வெட்டு முடிந்ததும் அவள் செங்கோணம் பார்க்கும் மூலைமட்டத்தை எடுத்து முனையில் வைத்து ஜன்னல் பக்கம் பிடித்தாள். இரும்புக்கும் மரத்துக்கும் நடுவில் ஒரு நூல் வெளிச்சம்கூட இல்லை.

வீட்டின் சொந்தக்காரர் கைப்பிடியைத் தடவித் தடவிப் பார்த்துவிட்டு எடுத்துப்போனார். முதலாளி, "நாளைக்கும் வந்துடும்மா" என்றார். அவ்வளவுதான். அவள் வாசலில் கொஞ்ச நேரம் தனியாக நின்றாள். பஸ்ஸில் வந்த அத்தனை மௌனத்தையும் ஒவ்வொன்றாகத் திரும்ப எடுத்துப் பார்த்தாள். எதிலும் அவள் நினைத்தது இல்லை. தானே எழுதி, தானே அழுத்திக்கொண்டிருந்திருக்கிறாள், இத்தனை நாளும்.

நன்றி சொல்லலாமா? வீட்டு மனுஷியிடம் எப்படிச் சொல்வது? வார்த்தை தொண்டைவரை வந்து, வெட்கப்பட்டுத் திரும்பிவிட்டது.

உள்ளே போனபோது அடுத்த பலகை மேசையில் ஏறியிருந்தது. நாத்தனார் எழுதி முடித்து ஒதுங்கி நின்றாள். இப்போது அழுத்த வேண்டியவள் இவள். சாய்வுகளைப் பெருக்கினாள். சுத்தமாகக் கழித்தல் ஒன்று. விரலைப் பட்டன்மேல் வைத்தாள், அழுத்தவில்லை.

நாத்தனாரின் முகம் மாறியது. "என்ன அண்ணி? தப்பா?"

"ஒண்ணுமில்லடி. நீ வாயைத் தொறக்கறியான்னு பாத்தேன்."

பூட்டு சிரித்தது. அவள் அழுத்தினாள்.