முதல் வரி, கடைசி வரி

பஸ் டிப்போவில் அவருக்குப் பட்டப்பெயர் 'நிமிஷம்'. மீதிச் சில்லறை தருவதற்குள் இரண்டு தடவை கடிகாரத்தைப் பார்க்கும் கண்டக்டருக்கு வேறென்ன பெயர் வைப்பார்கள்? இன்ஸ்பெக்டர் பதவித் தேர்வில் மூன்று முறை மண்ணைக் கவ்வியாயிற்று. மூன்று முறையும் காலை வாரியது, பத்தியைப் படித்துப் புரிந்துகொண்டு சரியான விடைக்கான கட்டத்தைக் கறுப்பாக்கும் பகுதிதான். ஐந்து பத்தி, நாற்பது கேள்வி, நாற்பது நிமிஷம். படிக்க உட்கார்ந்தால் மட்டும் மனுஷன் நிதானமாகப் படித்துக்கொண்டிருப்பார், மணி அடித்துவிடும். வயது வரம்புப்படி இதுதான் கடைசி வாய்ப்பு.

பயிற்சி வகுப்பு வாத்தியார் கறாராகச் சொல்லிவிட்டார். "முதல்ல கேள்வியப் பாருங்க. அப்புறம் முதல் வரி, கடைசி வரி. நடுவுல இருக்கறதெல்லாம் வெறும் ஜோடனை. ஒரு பத்திக்கு எட்டு நிமிஷத்துக்கு மேல நிக்காதீங்க."

நிமிஷம் அதைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டார். செய்தித்தாள், டிப்போ சுற்றறிக்கை, மகளின் பள்ளி நோட்டீஸ், எல்லாவற்றுக்கும் அதே வைத்தியம். "உங்களுக்கு முத்திப்போச்சு" என்று மனைவி சிரிப்பாள்.

தேர்வுக்கு இருபது நாள் இருக்கும்போது, அவள் விடியற்காலையில் அக்கா வீட்டுக்குக் கிளம்பினாள். மேஜையில் ஒரு பக்கம் எழுதி வைத்திருந்தாள். நிமிஷம் பல் தேய்த்துக்கொண்டே பார்த்தார். முதல் வரி: 'மாமாவுக்குச் சாப்பாடு அடுப்பு மேல இருக்கு.' கடைசி வரி: 'சாப்பிட்டதும் மறக்காம மாத்திரை குடுத்துடுங்க.' நாலே நொடி. அவருக்கே பெருமையாக இருந்தது. அப்பாவைச் சாப்பிட வைத்து, வழக்கமான வெள்ளை மாத்திரையையும் பக்கத்துக் கவரில் இருந்த புது மாத்திரையையும் கொடுத்துவிட்டு வேலைக்கு ஓடினார்.

நடுவில் இருந்தது இதுதான்: 'நேத்து டாக்டர் போன் பண்ணார். சர்க்கரைக்கு இனிமே புது மாத்திரை மட்டும்தான். பழைய வெள்ளை மாத்திரையைச் சேத்துக் குடுக்கவே கூடாதாம். சர்க்கரை ஒரேயடியா இறங்கிடுமாம்.'

மகள் பள்ளி விட்டு வந்தபோது தாத்தா நாற்காலியில் சரிந்து கிடந்தார். உடம்பு சில்லிட்டு விறைத்திருந்தது.

"நான் எழுதி வெச்சதப் படிச்சீங்களா?" என்று மனைவி ஒரே ஒரு முறை கேட்டாள்.

"படிச்சேன்."

அவள் அந்தத் தாளை எடுத்து அவர் முன்னால் விரித்து வைத்துவிட்டு உள்ளே போனாள். அவள் திட்டியிருந்தால்கூட அவருக்குத் தேவலையாக இருந்திருக்கும்.

தேர்வுக்குப் போவதில்லை என்றிருந்தவரை, அவரோடு பஸ்ஸில் வரும் டிரைவர்தான் வம்படியாக இழுத்துப் போய் உட்கார வைத்தார். முதல் பத்தி தேனீ வளர்ப்பைப் பற்றியது. நிமிஷம் முதல் வரியைப் படித்தார். கண் கடைசி வரிக்குத் தாவப் பார்த்தது. ஆள்காட்டி விரலை வைத்து அதை நிறுத்தினார். ஒவ்வொரு வரியாகப் படித்தார். முடித்ததும் எதையோ விட்டுவிட்டோம் என்று தோன்றியது. திரும்ப முதலிலிருந்து தொடங்கினார். பக்கத்தில் தாள் புரட்டுகிற சத்தம் கேட்டுக்கொண்டே இருந்தது. அவர் கடிகாரத்தைப் பார்க்கவே இல்லை.

மணி அடித்தது. ஒரு கட்டம்கூடக் கறுப்பாகவில்லை. கண்காணிப்பாளர் வந்து தாளைப் பிடித்து இழுத்தார்.

நிமிஷம் விரலை எடுக்கவில்லை. "இருங்க சார்" என்றார். "நடுவுல ஏதாவது எழுதியிருப்பாங்க."