மேனேஜருக்கு ஒரு எதிரி

எங்கள் வீட்டு ஹாலில் ஒரு கடல் இருக்கிறது. முழுக் கடல் இல்லை; வாசல் கதவு வழியாக நுழைந்த அளவு. அந்தக் கண்ணாடித் தொட்டியைத் தூக்கி வந்தவர்களில் பாதிப் பேர் இன்றும் குனிந்துதான் நடக்கிறார்கள். லிஃப்ட் ரிப்பேர் வேலையிலிருந்து ஓய்வு பெற்றதும் நான் செய்த முதல் காரியம் அதுதான். காலமெல்லாம் இருட்டுக் குழிக்குள் கம்பியையும் கிரீஸையும் பார்த்த கண்ணுக்குக் கொஞ்சம் நிறம் வேண்டாமா?

நிறம் வந்து சேர்ந்தது. கடல் ஏஞ்சல் மீன்களிலேயே பெரிய இடத்துப் பிள்ளை. எம்பரர் ஏஞ்சல் என்றார் மீன் கடைக்காரர். சாப்பாட்டுத் தட்டு அகலம், நீல உடம்பு, நெடுக மஞ்சள் கோடுகள், கண்ணுக்குக் குறுக்கே ஒரு கறுப்புப் பட்டை. பாறை இடுக்கிலிருந்து வெளியே வரும், எல்லாரையும் ஏற இறங்கப் பார்க்கும், ஒரு வார்த்தை பேசாமல் உள்ளே போய்விடும். எங்கள் கம்பெனி மேனேஜரும் அப்படித்தான். மேனேஜர் என்றே பெயரும் வைத்துவிட்டேன். கோபம் வந்தால் மட்டும் ‘டொக், டொக்’ என்று உள்ளிருந்து ஒரு சத்தம் போடும். மாடி வீட்டுக்காரர் அதைக் கேட்டு, யாரோ கதவைத் தட்டுகிறார்கள் என்று எழுந்து போய்த் திறந்தார். நம்பாவிட்டால் போங்கள்; அவர் திறந்தது திறந்ததுதான்.

என் மனைவிக்கும் இந்தக் கடலுக்கும் ஒரு பழைய வழக்கு உண்டு. தொட்டி நிற்பது அவளுடைய தையல் மேசை இருந்த இடம். மேசை இப்போது பால்கனியில் வெயில் காய்கிறது. காற்றடித்தால் வாடிக்கையாளரின் பாவாடை எதிர்வீட்டுக்குப் பறந்துபோய் அங்கேயே உலர்கிறது. நான் வாரம் தவறாமல் உப்புத் தண்ணீர் கலக்குவதால் தரையில் உப்பு, நாற்காலியில் உப்பு, கதவுப்பிடியில் உப்பு. சாப்பாட்டில் மட்டும்தான் கிடையாது. எனக்கு ரத்தக் கொதிப்பு.

இந்த நிலைமையில் மச்சான் வந்தான். மனைவியின் தம்பி, அவனும் மீன் பைத்தியம். குடிபோகும் புது வீட்டுக்காரர் தொட்டி வைக்கக் கூடாது என்றுவிட்டாராம். அவன் வளர்த்த ஏஞ்சல் கறுப்பு நிறம். ஒவ்வொரு செதிலுக்கும் பொன்னால் ஓரம் அடித்தது போல இருக்கும். கறுப்பழகி என்று கூப்பிடுவான். பிரியப்போகிற துக்கத்தில், அதைக் கொண்டுவந்த வாளியைக் கட்டிப்பிடித்துக்கொண்டு நின்றான்.

“இங்க விட்டுட்டுப் போ மாப்பிள்ளை. ராஜாத்தி மாதிரி பாத்துக்கறேன்” என்றேன் நான்.

பெரிய ஏஞ்சல் இரண்டை ஒரே தொட்டியில் விடுவது ஒரு உறைக்குள் இரண்டு கத்தியைச் செருகுவது போல. இது எனக்குத் தெரியும். என் நாக்குக்குத்தான் தெரியாது.

மனைவி உடனே தீர்ப்பு எழுதினாள். “அடுத்த ஞாயித்துக்கிழமை அவன் வந்து பாப்பான். அது மேல ஒரு கீறல் இருந்துச்சு, மறுநாளே தொட்டி கடைக்குப் போகும், என் மேசை உள்ள வரும். சொல்லிட்டேன்.”

கறுப்பழகியை ஓட்டை போட்ட பிளாஸ்டிக் பெட்டிக்குள் வைத்துத் தொட்டிக்குள் இறக்கினேன். மேனேஜர் பெட்டியை முட்டிய முட்டில் எங்கள் கட்டடமே ஒரு விரற்கடை நகர்ந்தது. இடம் புதிதாகத் தெரிந்தால் சண்டை குறையும் என்று பாறைகளை மாற்றி அடுக்கினேன். ஆபீஸை மாற்றினால் எந்த மேனேஜர் சாந்தமாகியிருக்கிறார்? கோபம் இரட்டிப்பானது.

கடைக்காரரிடம் ஓடினேன். தொட்டியின் பக்கச் சுவரை ஒட்டி வெளியே ஒரு நிலைக்கண்ணாடியை வைக்கச் சொன்னார். தன் பிம்பத்தை எதிரி என்று நினைத்து அதோடு மல்லுக்கு நிற்கும், புதுசை மறந்துவிடும் என்றார். வீட்டில் அந்த அளவுக்கு இருந்தது, மனைவியின் வாடிக்கையாளர்கள் உடுப்பைப் போட்டுப் பார்க்கிற கண்ணாடி ஒன்றுதான். அவள் குளிக்கப் போன நேரம் பார்த்துக் கடத்தி வந்தேன்.

மருந்து வேலை செய்தது. மேனேஜர் விடிந்ததும் கண்ணாடி முன்னால் ஆஜர். விளக்கை அணைக்கும்வரை முறைப்பு. கறுப்பழகியைத் திறந்துவிட்டேன். அவள் பின்னால் ஹாயாக உலாவினாள். கண்ணாடி இல்லாத தையல் பக்கம்தான் பிரச்சினை. கவுன் தைக்கக் கொடுத்த அம்மா ஒருவர் ஃபிரிட்ஜ் கதவில் தன்னைப் பார்த்துவிட்டு, தான் குட்டையாகிவிட்டதாக முடிவு செய்து, முக்கால் முழத்தைக் குறைக்கச் சொல்லிவிட்டார்.

ஞாயிற்றுக்கிழமை கண்ணாடி திரும்பி வந்தே ஆக வேண்டும் என்றாள் மனைவி. இரண்டும் அக்கா தங்கை மாதிரி இருக்கின்றன என்று மச்சானிடம் போனில் அளந்திருந்ததால், எனக்கும் அந்தக் கண்ணாடியை மறைத்தாக வேண்டியிருந்தது. காலிங் பெல் அடித்தபோதுதான் கண்ணாடியை எடுத்தேன்.

மேனேஜர் வழக்கம்போல மார்பை நிமிர்த்திக்கொண்டு வந்தார். எதிரியைக் காணோம். மேலே தேடினார், கீழே தேடினார். மெல்லத் திரும்பினார். கறுப்பழகி கண்ணில் பட்டாள். துடுப்பெல்லாம் விறைத்தது. கன்னத்து முள் நிமிர்ந்தது. என் கடல் ஒரு பக்கெட்டாகச் சுருங்கிக் கடைக்குப் போவதை நான் கண்ணால் பார்த்தேன்.

அந்த நேரம் மச்சான் தொட்டியின் பக்கவாட்டில் வந்து குனிந்தான். நீலப் பனியன், நெடுக மஞ்சள் கோடு, அதற்குள் அவன் தொப்பை. அதைவிடப் பெரிய எம்பரர் ஏஞ்சல் ஏழு கடலிலும் கிடையாது. மேனேஜர் கறுப்பழகியை விட்டுப் பாய்ந்து வந்து தொப்பைக்கு நேராக மோதினார். டொக்.

மச்சான் பயந்து பின்வாங்கினான். மேனேஜர் மறுபடி கறுப்பழகி பக்கம் திரும்பினார்.

“கிட்டப் போ மாப்பிள்ளை.”

“எதுக்கு அத்தான்?”

“சும்மா போயேன்.”

போனான். டொக், டொக். சாப்பாட்டையும் அங்கேயே கொண்டுபோய்க் கொடுத்தேன். நகர விடவில்லை.

“என்னை மட்டும் ஏன் அத்தான் இப்படி முறைக்குது?”

“ஆள் தெரிஞ்சிருக்கும்.”

கழுத்தில் அளவு டேப்போடு பால்கனி வாசலில் நின்றிருந்த மனைவி தொட்டியைப் பார்த்தாள். கீறல் விழாத கறுப்பழகியைப் பார்த்தாள். தம்பியின் தொப்பையைப் பார்த்தாள். தையல்காரியின் கண் அது. ஒரே பார்வையில் அளவெடுத்து முடித்துவிடும்.

“டேய், பனியனைக் கழட்டு.”

“அக்கா, நான் வீட்டுக்குப் போகணும்.”

“உங்க அத்தான் சட்டையைப் போட்டுக்கிட்டுப் போ.”

என் சட்டையில் அவனுக்கு மேல் பட்டன் ஒன்றுதான் மாட்டியது. மற்றவை பேச்சுவார்த்தையிலேயே நின்றுபோயின. மனைவி அவன் பனியனுக்குள் வெட்டுத்துணியைத் திணித்தாள். தொப்பை இருந்த இடத்தில் கொஞ்சம் தாராளமாகவே திணித்தாள். மேனேஜர் தொட்டிக்குள்ளிருந்து வேலையை மேற்பார்வை பார்த்தார்.

“பனியன் நிக்க உயரமா ஏதாவது வேணுமே” என்று யோசிப்பது போல நின்றாள். பிறகு பால்கனியிலிருந்து தையல் மேசையை உள்ளே இழுத்து வந்து தொட்டிக்குப் பக்கத்தில் போட்டு, அதன்மேல் பனியனை நிறுத்தினாள். மேசைக்கு இடம் பண்ண என் சாய்வு நாற்காலி பால்கனிக்குப் போனது. தொட்டி கடைக்குப் போகவில்லை என்பதே எனக்குக் கிடைத்த சலுகை.

இப்போது வெயில் காய்வது நான். மச்சான் தினமும் போன் செய்து கறுப்பழகியின் சுகத்தை ஒரு வார்த்தையில் கேட்டுவிட்டு, பனியனை எப்போது தருவீர்கள் என்று ஆரம்பித்துவிடுகிறான். நான் ரிசீவரைத் தொட்டிப் பக்கம் நீட்டுவேன். பதிலை மேனேஜர் சொல்லிவிடுவார்.