வராத எழுபது மில்லி

பூசாரி பிரித்த பொட்டலத்தில் வெள்ளைப் பூவைக் கண்டதும் அர்த்தநாரி கருப்பணார் கோயிலிலிருந்து ஓட்டமும் நடையுமாகக் காட்டுக்கு வந்துவிட்டார். வெள்ளை வந்தால் விதைப்பது, சிவப்பு வந்தால் பொறுப்பது என்பது அவர்கள் குடும்பத்து வழக்கம். முந்தாநாள் மழையில் மண்ணும் பதமாக இருந்தது.

“செல்வி, சாமி உத்தரவு குடுத்துருச்சு. நாலு ஏக்கராவும் இன்னைக்கே போட்டுரலாம்.”

தமிழ்ச்செல்விக்குக் கணவனைவிடப் பரபரப்பு. ஆனால் அவள் கையிலிருந்தது நோட்டு. ஆறு வருஷமாகக் களத்து மூலையில் மழைமானி வைத்து, விடிந்ததும் பார்த்து எழுதுகிறாள். போன ஜூனில் பெரிய மேதாவி போலச் சராசரி போட்டு, எண்பத்திரண்டு மில்லி கட்டாயம் பெய்யும் என்று அடித்துச் சொன்னவளும் அவள்தான். பெய்தது ஒன்பது. நாலு ஏக்கர் நிலக்கடலையும் முளையிலேயே கருகியது. அர்த்தநாரி ஒரு வார்த்தை கேட்கவில்லை. அதுதான் அவளுக்கு அதிகமாக வலித்தது. வீட்டில் இப்போது மிஞ்சியிருப்பது இந்த விதை மட்டும். இதுவும் போனால் காடு தரிசுதான்.

நேற்றுப் புதுச் சராசரி எழுபது என்று வந்தது. அந்த எழுபது எந்த வருஷம் பெய்தது என்று தேடி நோட்டை இரண்டு தடவை புரட்டினாள்.

“ஏனுங்க, ஆறு வருசத்து ஜூன் மழையப் பாருங்க. நூத்தி முப்பத்தொண்ணு, நூத்தி நாப்பத்திரண்டு, பன்னெண்டு, இருவது, நூத்தி ஆறு, ஒம்பது. எழுவதுங்கறது ஒரு வருசங்கூட வரலீங்க. போன வருசம் சொன்ன எம்பத்திரண்டும் அப்படித்தான். வராத மழைய நம்பி உங்கள விதைக்க வெச்சுட்டேன்.”

“இந்த வருசம்?”

“கொட்டுனாலும் கொட்டும், காஞ்சாலும் காயும். பாதி இப்பப் போடுங்க. மீதி ஆடிக்கு இருக்கட்டும்.”

“சாமி வெள்ளை குடுத்துருக்குது புள்ள.”

“விதைக்கத்தானுங்க சொல்லுச்சு. நாலு ஏக்கராவும்னு சொல்லலீங்களே.”

அவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. ஆனாலும் விதை மூட்டையோடு டிராக்டரில் ஏறிவிட்டார்.

நடுக்காட்டு வேம்போடு இரண்டு ஏக்கர் முடியும். அவள் அங்கேயே போய் நின்றாள். ஒவ்வொரு சாலாக வண்டி வேம்பை நெருங்க நெருங்க அவளுக்குக் கால் தரையில் நிற்கவில்லை. மனுஷன் பிடிவாதக்காரர், தாண்டிவிடுவார் என்றே நினைத்தாள்.

வேம்படியில் இஞ்சின் நின்றது.

“மீதி மூட்டைய ஊட்டுக்குக் கொண்டு போயிரலாம். ஒரு பக்கம் புடி.”

இருவரும் ஆளுக்கொரு முனையைப் பிடித்துத் தூக்கியபோது அலவாய்மலைப் பக்கம் இடித்தது. அர்த்தநாரி மேலே பார்த்தார், பிறகு அவளைப் பார்த்தார். பெரிய துளி ஒன்று மூட்டையின் மேல் விழுந்தது. தமிழ்ச்செல்வி வாய்விட்டுச் சிரித்துக்கொண்டே முந்தானையை இழுத்து விதையை மூடினாள்.