இருமிய ஹார்ன்

எங்கள் காரின் ஹார்னுக்கு இருமல் உண்டு. பித்தளைக் குழல், அதன் பின்னால் கைக்கு அடங்கும் ரப்பர் குமிழ். குமிழை அமுக்கினால் முதலில் ஒரு கரகரப்பு வரும். அதன் பிறகுதான் சத்தம். உள்ளே இருந்த நாக்குத் தகட்டில் எப்போதோ கீறல் விழுந்திருந்தது. அன்று தூத்துக்குடியில் ஓடிய கார்களை விரல்விட்டு எண்ணிவிடலாம். அவற்றில் இருமுகிற கார் எங்களுடையது ஒன்றுதான்.

என் மனைவி தேவகனிக்கு யுத்தம் தொடங்கிய வருஷத்தில் கண்ணில் பால்போலப் படர ஆரம்பித்து, மூன்று வருஷத்தில் பார்வை முழுதும் போய்விட்டது. அதைப் பற்றி அவள் யாரிடமும் புலம்பியதில்லை. உச்சி வெயிலில் உப்பளத்துக்கு நடுவே நிற்பது போல எல்லாம் வெள்ளையாக இருக்கிறது என்று மட்டும் ஒரு தடவை சொன்னாள்.

நான் நிலாவரை என்கிற மருந்து இலையைக் கப்பலில் அனுப்புகிறவன். மாலை ஐந்து மணிக்குப் பண்டகசாலையைப் பூட்டிவிட்டு நானே காரை ஓட்டிக்கொண்டு புறப்படுவேன். உப்பளங்களைச் சுற்றி வளைகிற ரோட்டில் ஒரு திருப்பம் வரும். அந்த நேரத்தில் பாத்திகளில் வானம் இறங்கிக் கிடக்கும். எது தண்ணீர், எது மேகம் என்று தெரியாது. கார் மண்ணில் ஓடுகிறதா, ஆகாயத்தில் ஓடுகிறதா என்று எனக்கே சந்தேகம் வரும். அங்கே குமிழை ஒரே ஒரு முறை அமுக்குவேன். இருமல் பாத்திகளின் மேல் தவழ்ந்து எனக்கு முன்னால் வீடு போய்ச் சேரும். நான் வரும்போது தேவகனி சேலைத் தலைப்பைச் சரிசெய்துகொண்டு, வாசல்நிலையைப் பிடித்தபடி நின்று என்னைப் பார்ப்பாள். பார்ப்பாள் என்றுதான் எழுதுவேன்.

நாற்பத்து நான்காம் வருஷம் நவம்பரில் காரின் பிரேக் பிடிக்காமல் போயிற்று. கடற்கரை ரோட்டில் சென்னியப்பன் என்பவர் புதிதாக ஒர்க்‌ஷாப் போட்டிருந்தார். கோயம்புத்தூர்ப் பக்கத்துக்காரர், துறைமுகத்தில் லாஞ்சி என்கிற மோட்டார் படகுகளுக்கும் வேலை பார்ப்பார். மரியாதை தெரிந்தவர், கைவேலை சுத்தம். பிரேக்கைச் சரிபண்ணச் சொல்லி வண்டியை விட்டேன். ஓட்டிப் பார்க்கும்போது திடுக்கிட வேண்டாமே என்று ஹார்ன் இருமும் என்பதையும் சொல்லிவைத்தேன்.

மூன்றாம் நாள் போனேன். பிரேக் நன்றாகப் பிடித்தது. ரப்பர் குமிழ் இருந்த இடத்தில் மட்டும் ஒரு கறுப்புப் பொத்தான் இருந்தது. அமுக்கினேன். பட்டாள லாரியின் சத்தம் வந்தது.

பழைய ஹார்ன் எங்கே என்று கேட்டேன். ரப்பர் இற்றுப்போய்விட்டது, தகடும் உதவாது, அதனால் பட்டாளத்து எலெக்ட்ரிக் ஹார்ன் ஒன்றைப் பூட்டியிருக்கிறேன் என்று அவர் பெருமையாகச் சொன்னார். பித்தளையை உருக்கி ஒரு லாஞ்சியின் காற்றாடித் தண்டைத் தாங்குகிற புஷ் வளையமாக வார்த்தாயிற்றாம். லாஞ்சி அன்று காலையில் கடலுக்குப் போய்விட்டதாம். யாரைக் கேட்டுச் செய்தீர் என்றேன். நீங்கள்தான் சொன்னீர்கள் என்றார். அதற்கு மேல் நின்றால் கை நீண்டுவிடும் என்று வண்டியை எடுத்துக்கொண்டு வந்துவிட்டேன்.

அன்று திருப்பத்தில் பொத்தானை அமுக்கினேன். வீட்டு வாசல் வெறுமையாக இருந்தது. லாரி போகிறது என்று நினைத்து தேவகனி உள்ளேயே இருந்துவிட்டாள். நான் நடந்ததைச் சொன்னேன். இனிமேல் அந்தச் சத்தத்துக்கே வருகிறேன் என்றாள். துறைமுகத்துக்கு எத்தனை லாரி போகிறது என்பதை நாங்கள் இருவரும் எண்ணிப் பார்க்கவில்லை. இரண்டு முறை அமுக்கிப் பார்த்தேன். லாரிக்காரர்களும் இரண்டு முறை அமுக்கினார்கள்.

நாலாம் நாள் மாலை நான் வரும்போது எங்கள் வீட்டுக்கு முன்னால் ஒரு பட்டாள லாரி வேகம் குறைந்து ஊர்ந்துகொண்டிருந்தது. தேவகனி வாசல்நிலையைப் பிடித்தபடி நின்றாள். எனக்காக மட்டும் வைத்திருக்கிற சிரிப்போடு லாரியைப் பார்த்து நின்றாள். லாரியின் பின்பக்கத்தில் இருந்த சிப்பாய்கள் சீட்டியடித்தார்கள். ஏன் இன்னும் இறங்கவில்லை என்று அவள் அவர்களைப் பார்த்துக் கேட்டாள்.

அவளை உள்ளே அழைத்துப் போனேன். என்ன நடந்தது என்று அவளிடம் சொல்லவில்லை. அவளுக்குத் தெரிந்துதான் இருந்தது. அன்று அவள் சாப்பிடவில்லை.

மறுநாள் சென்னியப்பனை வீட்டுக்கு வரச்சொன்னேன். சாட்சிக்கு என் சிநேகிதர், ரிட்டையரான வாத்தியார் ஜெபசீலனையும் கூப்பிட்டேன். சென்னியப்பன் என் சொல் இல்லாமல் என் வண்டியில் கைவைத்தேன் என்று சாட்சி முன்னால் ஒப்புக்கொள்ள வேண்டும், எனக்கு வேண்டியது அவ்வளவுதான். சென்னியப்பன் நாற்காலி நுனியில் உட்கார்ந்தார்.

“நானா எதுலயும் கை வெக்கமாட்டனுங்க. ஹார்ன் இருமும், பாத்துக்கிடும்னு நீங்கதானுங்க சொன்னீங்க” என்றார்.

நான் நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டேன்.

“எங்க ஆரோன் வீட்டுல சொன்ன சொல்ல மாத்துன ஆளு கெடையாது, பாத்துக்கிடும். நான் வேல சொன்னது பிரேக்குக்கு, பாத்துக்கிடும். ஹார்னப் பத்தி ஒரு பேச்சுக்குச் சொன்னேன், பாத்துக்கிடும்.”

ஜெபசீலன் தலையைத் தூக்கி உத்தரத்தைப் பார்த்தார். உள்ளறைக் கதவுக்குப் பின்னால் தேவகனி சிரிப்பது கேட்டது. முந்தின மாலையிலிருந்து கேட்காத சிரிப்பு.

“எதுக்கு அவர வையுதிய? உக்காந்த எடத்துல இன்னும் மூணு வேல குடுத்திட்டியளே அவருக்கு” என்றாள்.

சென்னியப்பன் ஒன்றும் புரியாமல் எங்களை மாறி மாறிப் பார்த்தார். ஜெபசீலன்தான் அவருக்கு விளங்கவைத்தார். எங்கள் பக்கத்தில் ‘பாத்துக்கிடும்’ என்ற வார்த்தைக்கு அர்த்தமே கிடையாது. நின்று மூச்சு விடுகிற இடத்தில் எல்லாரும் அதைப் போட்டுக்கொள்வோம் என்றார்.

“எங்கூர்ல பாத்துக்கன்னு சொன்னா, அந்த வேலையைச் செய்யின்னு அர்த்தமுங்க” என்றார் சென்னியப்பன். பிறகு அவர் முகம் மெல்ல வெளிறியது. “எட்டு மாசமா இந்த ஊர்க்காரங்க சொன்னதையெல்லாம் நான் பாத்துட்டு இருக்கறனுங்களே!”

வாத்தியார் மேல்துண்டால் வாயை மூடிக்கொண்டார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. அர்த்தத்தோடு சொன்னேனா, அர்த்தம் இல்லாமல் சொன்னேனா என்பது வேறு. சொன்னது நான். என் தகப்பனார் வாய்தவறிச் சொன்ன விலைக்கு ஒரு கப்பல் சரக்கை அனுப்பியவர். நான் எழுந்து நின்றேன்.

“சொன்னது நாந்தான். உம்ம மேல குத்தம் இல்ல.”

சென்னியப்பனும் எழுந்துவிட்டார். எங்கேயாவது ஒரு ரப்பர் குமிழைத் தேடிப் பிடித்துப் பூட்டித் தருகிறேன் என்றார். மலேயா ஜப்பான்காரன் கையில் விழுந்த பிறகு ரப்பருக்கு எங்கே போவது? கிடைத்தாலும் அந்தக் கீறலை யாரால் கீற முடியும்? வேண்டாம் என்று அனுப்பிவைத்தேன்.

அன்று மதியம் பண்டகசாலையில் நிலாவரை மூட்டைகளுக்கு நடுவே கண் அயர்ந்துவிட்டேன். கடலுக்கு அடியில் இருந்தேன். தலைக்கு மேலே ஒரு லாஞ்சி மேகத்தைப் போல நகர்ந்தது. அதன் வயிற்றில் எங்கள் பித்தளை சுழன்றுகொண்டே இருமியது. முத்து விளையும் கடல்பார்களில் படுத்திருந்த சிப்பிகள் ஒவ்வொன்றாக வாய் திறந்து, அந்தச் சத்தம் போகிற திசைக்குத் திரும்பின. எல்லாம் வெள்ளையாக இருந்தது. விழித்தபோது மணி ஐந்தாகிவிட்டிருந்தது.

திருப்பத்தில் நான் பொத்தானைத் தொடவில்லை. பாத்திகளில் வானம் சிவந்து கிடந்தது. எனக்கு முன்னால் மூன்று லாரிகள் ஹார்ன் அடித்துக்கொண்டு போயின. வீட்டு வாசல் வெறுமையாக இருந்தது. ஜன்னல் வழியே தேவகனி தெரிந்தாள். மடியில் கைகளை வைத்துக்கொண்டு சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்தாள். இனி எந்தச் சத்தத்துக்கும் எழுந்திருப்பதில்லை என்று அவள் முடிவுசெய்துவிட்டதை அவள் முதுகைப் பார்த்தே தெரிந்துகொண்டேன்.

நேராக உள்ளே போயிருக்கலாம். மற்றவர்கள் வீட்டில் அப்படித்தான் போகிறார்கள். நான் காரை நிறுத்தி, இறங்கி, ரோட்டில் நின்றேன். தெருக்குழாயில் பெண்கள் குடத்தோடு நின்றிருந்தார்கள். உப்பளத்து ஆட்கள் கூட்டமாக வந்துகொண்டிருந்தார்கள். எங்கள் வீட்டு ஆண்கள் மனைவியைத் தெருவில் பெயர் சொல்லி அழைத்ததில்லை. நான் வீட்டுக்குள்ளும் அழைத்ததில்லை. கல்யாணமான முப்பத்தெட்டு வருஷமும் ‘ஏளா’தான்.

“தேவகனி” என்றேன்.

எனக்கே சரியாகக் கேட்கவில்லை. ஆனாலும் குழாயடியில் பேச்சு நின்றது.

“தேவகனி!”

அவள் எழுந்தாள். ஜன்னலில் இருந்து மறைந்தாள். சேலைத் தலைப்பை இழுத்துவிட்டுக்கொண்டு வாசலுக்கு வந்து, நிலையைப் பிடித்தபடி காதைச் சாய்த்து நின்றாள். முகம் சிவந்திருந்தது.

“இன்னொரு வாட்டி கூப்பிடுங்க, எந்தப் பக்கம் நிக்கியன்னு தெரியல” என்றாள்.

கூப்பிட்டேன்.