எனக்கு வேண்டாம், நஜாத்

வழவழவென்று கொழகொழக்கும் முலுக்கியாக் கீரைக் குழம்பு என்றாலே வக்தீக்குக் குமட்டும். முப்பது வருஷமாக அதை அவர் வாயில் வைத்ததில்லை. பூண்டுத் தாளிப்பைக் கொட்டும்போது மனைவி நஜாத், கெய்ரோப் பெண்கள் எல்லோரையும் போல, "ஹா!" என்று மூச்சை இழுப்பாள், அப்போதுதான் ருசி ஏறுமாம். உடனே இவர் கூடத்திலிருந்து கத்துவார்.

"சளியக் காய்ச்சறியா? எனக்கு வேண்டாம், நஜாத்!"

"உங்களுக்குன்னு யாரு செஞ்சா?"

அவள் போய்ச் சேர்ந்து ஒரு வருஷமாகிறது. இன்று அவரே அந்தக் கீரையை வாங்கிவந்து மகள் ஷஹீராவிடம் நீட்டினார்.

"என்னப்பா, இது உங்களுக்கு ஆகவே ஆகாதே!"

"இப்பவும் ஆகாது. நீ செய்."

அடுப்படியில் தாளிப்பு சீறியது. "ஹா!" அச்சு அசல் அம்மாவின் மூச்சு.

கூடத்தில் வக்தீ கண்ணை மூடிக்கொண்டார்.

"எனக்கு வேண்டாம், நஜாத்!" என்று கத்திவிட்டு, பதிலுக்குக் காத்திருந்தார்.